ஒரு பெரியது, ஒரு சின்னது

ஜூலியஸுக்கு ஒரு போர்வை கொடுக்கச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர். லாக்கப் சிமெண்டுத் தரை அவனுக்கு ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் அவன் வீடும் எங்கள் வீடும் ஒரே லயத்து வரிசை வீடுகள். என் அப்பா ஆட்களை மேய்க்கிற மண்டோர், அவன் அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். அவனைக் கார்த் தொழிற்சாலைக்குக் கூட்டி வந்தவனும் நான்தான்.

உங்களுக்குத் தமிழ் தெரிந்திருப்பது எனக்கு நிம்மதி. நீங்கள் மலாயில் எழுதிக்கொள்ளுங்கள். நான் தமிழிலேயே சொல்கிறேன்.

தன் மறதியால்தான் ஒரு போல்ட் இறுகாமல் போய், சக்கரம் பிடுங்கிக்கொண்டு தன் மனைவி அகதா கால்வாயில் விழுந்து செத்தாள் என்று இன்று காலை ஜூலியஸ் அவனாகவே உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். நம்புவதைத்தான் சொல்லியிருக்கிறான். ஆனால் நடந்தது அது இல்லை. அதைச் சொல்லத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் தொழில் விஷயம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரே வரிசையில் இரண்டு விதமான கார்கள் வரும். ஒன்று சின்னக் கார். இன்னொன்று குட்டி எஸ்யூவி. எது எத்தனை, எது எதன் பின்னால் வரவேண்டும் என்று தீர்மானிப்பது என் வேலை. சின்னக் காரில் லாபம் கம்மி, ஆனால் கூட்டத்தைக் கொண்டுவருவது அதுதான். முதல் சம்பளம் வாங்குகிற பிள்ளைகள், பள்ளிக்கூட ஆசிரியைகள், மோட்டார் சைக்கிளிலிருந்து மாறுகிற குடும்பங்கள் எல்லாம் அதைத்தான் வாங்குவார்கள். எஸ்யூவியில் லாபம் அதிகம். சின்னதைக் குறைத்தால் புது ஆட்கள் போட்டிக் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். பெரியதைக் குறைத்தால் தலைமையகத்தில் முகம் சுளிப்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த நாற்காலிதான் என்னுடையது.

எஸ்யூவியைப் பூட்ட நேரம் அதிகம் பிடிக்கும். கனம் அதிகம், அடிப்பக்கத்தில் போல்ட்டும் அதிகம். வரிசையோ ஒரே வேகத்தில் ஓடும். அதனால் ஒரு பெரியது வந்தால் அதன் பின்னால் இரண்டு சின்னது விடுவோம். பெரியதில் பின்தங்குகிற ஆள் சின்னதில் எட்டிப் பிடித்துவிடுவான். பல வருடமாக இப்படித்தான் ஓடியது. யாருக்கும் மூச்சு வாங்கியதில்லை.

பிறகு ஊருக்கே உயரமான கார்மேல் ஆசை வந்துவிட்டது. சுங்கை ஆயர் தாவார் மாதிரி சின்னப் பட்டணத்தில்கூட எஸ்யூவிக்கு ஆறு மாதம் காத்திருந்தார்கள். தலைமையகம் ஒரு சேதி அனுப்பியது. இனி ஒரு பெரியதுக்கு ஒரு சின்னது. உங்களால் முடியாவிட்டால் எஸ்யூவியை வேறு நாட்டுத் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிடுவோம், உங்களுக்குச் சின்னக் கார் மட்டும் போதும், ஒரு ஷிஃப்ட் போதும் என்றார்கள்.

எனக்குப் பயம் வந்தது, இன்ஸ்பெக்டர். அதை மறைக்க விரும்பவில்லை. அந்த இரண்டாவது ஷிஃப்டில் இருப்பவர்கள் யார் தெரியுமா? தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபோது லயத்தை விட்டு இறங்கினவர்கள். ஒவ்வொரு வீடாகப் போய் ஆள் சேர்த்தவன் நான். தீபாவளிக்கு என் வீட்டுக்கு வந்து, "ரவியண்ணே, ஒங்களாலதான் சோறு திங்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து வேலை இல்லை என்று எப்படிச் சொல்வது? இன்னும் ஓர் ஆள் கொடுங்கள், இல்லை வரிசையின் வேகத்தையாவது குறையுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். இரண்டுக்கும் முடியாது என்றுவிட்டார்கள்.

ஒன்றுக்கு ஒன்று விட ஆரம்பித்ததும் முதலில் திணறியவன் ஜூலியஸ். முன்சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையைப் பூட்டுவது அவன் இடம். அங்கே போல்ட்டை இறுக்கும் கருவி எண்ணிக்கொண்டே இருக்கும். ஒன்று குறைந்தாலும் வரிசை தானாக நின்றுவிடும். முதல் நாள் முழுக்க நின்று நின்று ஓடியது. சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தேடி வந்தான்.

"ண்ணே, பெருசு ஒன்னு உட்டு ஒன்னு வந்தா கை ஓடலண்ணே. எட்டிப் புடிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கிது. டைம் பத்தாது லா."

நான் யோசித்தேன். கருவி கெட்டுப்போனால் எண்ணிக்கையைத் தாண்டி காரை அனுப்ப ஒரு பைபாஸ் சாவி உண்டு. அது என் பொறுப்பில் இருந்தது. அதைச் சின்னக் காருக்கு மட்டும் திருப்பி வைத்தேன்.

"சின்னதுல இடது பக்கத்த கையால திருகி உட்டுரு. சாக்குக்கட்டியில ஒரு கோடு போட்டு வையி. வரிசக் கடைசியில பாலன நிக்க வெக்கிறேன். கோட்டப் பாத்து அவன் இறுக்கிக்குவான்."

"நெசமா பாத்துக்குவானாண்ணே?"

"நான் சொல்றேன்ல."

இதில் தப்பு ஒன்றும் இல்லை. பாலன் நல்ல வேலைக்காரன். கோடு போட்ட ஒரு காரையும் விட்டதில்லை. உற்பத்தி ஏறியது, வரிசை நிற்கவில்லை. தலைமையகத்திலிருந்து பாராட்டுகூட வந்தது.

பாலன் இங்கே வந்துவிட்டுப் போனான் என்று சொன்னீர்கள். அப்படியானால் அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். எஸ்யூவியின் கூரைக் கம்பி பூட்டுகிற இடத்தில் ஆள் பற்றாமல் போனது. மாற்றிப் போட என்னிடம் இருந்தது பாலன் ஒருவன்தான். அவனை அங்கே அனுப்பினேன்.

இல்லை, ஜூலியஸிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் கையால் திருகி விடமாட்டான். வரிசையை நிறுத்துவான். அவன் சுபாவம் அப்படி. அதனால் அவன் பாட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டே இருந்தான். எல்லாக் காரும் வெளியே போகுமுன் தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்க்க மழை மாதிரி நீர் அடிக்கிற அறைக்குள் போகும். சாக்குக் கோடு அதில் கரைந்துவிடும்.

கையால் திருகிய போல்ட் உடனே கழன்றுவிடாது, இன்ஸ்பெக்டர். பல மாதம் தாங்கும். சிலது எப்போதும் தாங்கும். நான் அதையெல்லாம் யோசிக்காமல் இல்லை.

அகதாவின் காரைப் பற்றிக் கேட்டீர்கள். தொழிலாளர்களுக்கான சலுகையில் ஜூலியஸ் பதிந்த கார் அது. தஞ்சோங் காராங்கில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தாள், பஸ்ஸுக்கு நின்று நின்று அலுத்துப்போயிருந்தாள். எங்கள் வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. கூட வேலை செய்கிறவன் பதிந்த கார் வந்தால் ஒவ்வொருத்தரும் அதன் கூரையில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவார்கள். அன்றைக்கு அந்த நீலக் கார் தட்டு வாங்கிக்கொண்டே வந்தது. ஜூலியஸ் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு அதன் அடியில் நின்றான்.

நான் அங்கேதான் இருந்தேன். தலைமையகத்து ஆட்கள் பார்வையிட வந்திருந்தார்கள், ஒன்றுக்கு ஒன்று ஓடுவதைக் கண்ணால் பார்க்க. அந்தக் காருக்கு முன்னால் போனது ஒரு எஸ்யூவி. அவனுக்கு நேரம் பற்றவில்லை. வலது பக்கத்தைக் கருவியால் இறுக்கினான், இடது பக்கத்தைக் கையால் திருகினான், கோடு போட்டான். நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். அவன் மறக்கவில்லை. இதை முக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். தன் பெண்டாட்டி ஓட்டப்போகிற கார் என்று வழக்கத்தைவிடப் பெரிய கோடாகவே போட்டிருந்தான்.

வரிசையை நிறுத்தியிருக்கலாம். ஆனால் விருந்தாளிகள் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மத்தியானம் அவர்களைப் பாசிர் பெனம்பாங்கில் நண்டு சாப்பிடக் கூட்டிப்போனேன். அவர்களுக்கு ரொம்பத் திருப்தி.

பிறகு என்றால், ஜூலியஸிடம் எப்படிச் சொல்வது? காரைக் கொண்டுவா, போல்ட்டை இறுக்கவேண்டும் என்றால் ஏன் என்று கேட்பான். பாலன் எங்கே என்று கேட்பான். மற்ற கார்கள் என்னாச்சு என்று கேட்பான். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் துணி முழுக்கப் பிரிந்துவிடும்.

இந்த மாதத் தொடக்கத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் அவனே பேச்சை எடுத்தான். "ண்ணே, அகதா வண்டியில எடது பக்கம் கடகடன்னு சத்தம் கேக்குதாம். ரோட்டோரக் கடையில காட்டவா?"

அந்த வெள்ளிக்கிழமைதான் எஸ்யூவி எங்களுக்கே என்று அறிவிப்பு வர இருந்தது. வெளிக் கடையில் காரைத் தூக்கிப் பார்த்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஒரு படம் எடுத்துப் போட்டால் போதும், ஊரெல்லாம் பரவிவிடும்.

"புது வண்டி அப்பிடித்தான்டா இருக்கும். வெளிக் கடையில குடுத்தா வாரண்டி போயிரும். திங்கக்கெழம நம்ம சர்வீஸுக்கே நான் ஏற்பாடு பண்றேன்" என்றேன்.

ஏற்பாடு பண்ணவும் செய்தேன். நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம், திங்கட்கிழமை காலைக்கு அவள் பெயரில் நேரம் வாங்கி வைத்திருந்தேன். நான் கவலைப்படாமல் இல்லை. ஆனால் அதற்குள், வியாழக்கிழமையே அவள் பள்ளி முடிந்து வீட்டுக்கு வருகிற வழியில் சக்கரம் மடங்கிவிட்டது. வயலோரக் கால்வாயில் அவ்வளவாகத் தண்ணீர்கூட இல்லை என்றார்கள். கார் குப்புற விழுந்ததுதான் காரணம்.

வெள்ளிக்கிழமை அறிவிப்பு வந்தது. எஸ்யூவி எங்களுக்கே, இரண்டு ஷிஃப்டும் நிலைக்கும். அன்று சாயங்காலம்தான் தேவாலயத்திலிருந்து அவளை அடக்கத்துக்கு எடுத்தார்கள். நம் ஆட்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அழுகிறார்களா சந்தோஷப்படுகிறார்களா என்று அவர்களுக்கே தெரியவில்லை.

அடக்கம் முடிந்ததும் ஜூலியஸ் என்னைச் சவக்கோட்டைக்கு வெளியே தனியாக இழுத்துப் போனான்.

"ண்ணே, பாலன் ஒரு வண்டிகூட உடமாட்டான். அப்ப நான்தான் கோடு போட மறந்துட்டேன். எல்லாரும் தட்டுறாங்கன்னு சிரிச்சிக்கிட்டு நின்னுட்டேன். நீங்க அங்கதான இருந்தீங்க? சொல்லுங்கண்ணே, நான் கோடு போட்டேனா?"

நான் அவன் தோளில் கை வைத்தேன். "மனுசன்னா மறதி வரத்தான்டா செய்யும்" என்றேன்.

அன்பாகத்தான் சொன்னேன். ஆத்திரப்படாமல், குற்றம் சொல்லாமல். அவன் அப்படியே என் காலடியில் உட்கார்ந்துவிட்டான். அவன் அழுத அழுகையை என்னால் பார்க்க முடியவில்லை. இரண்டு வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, சோறு தண்ணி இல்லை என்றார்கள். தினமும் ஆள் விட்டுச் சாப்பாடு அனுப்பினேன். இன்று காலை இங்கே நடந்தே வந்திருக்கிறான். அவன் இவ்வளவு தூரம் போவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் தேறிவிடுவான் என்று நினைத்தேன்.

ஆக, அவனை விட்டுவிடுங்கள். சாவியைத் திருப்பியது நான். பாலனை மாற்றியது நான். கோட்டைப் பார்த்தது நான். சத்தம் கேட்கிறது என்றவனைத் தடுத்ததும் நான். எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ காட்டுங்கள்.

மற்ற கார்களா? பாலனை மாற்றிய நாளிலிருந்து போன சின்னக் கார்கள் எல்லாமே அப்படித்தான். எந்தெந்தக் கார் என்று என்னால் சொல்ல முடியும். சொல்லவும் செய்வேன். ஒரு வேண்டுகோள்தான். எஸ்யூவி ஒப்பந்தம் அடுத்த மாதம்தான் கையெழுத்தாகிறது. அதுவரை பொறுத்தால் அத்தனை குடும்பமும் பிழைக்கும். இப்போது காரையெல்லாம் திரும்ப அழைத்தால் எல்லாம் கைவிட்டுப் போகும். நான் எனக்காகக் கேட்கவில்லை. அந்தக் கார்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, இன்ஸ்பெக்டர். சின்னக் கார் வாங்குகிறவர்கள் வேகமாக ஓட்டுகிறவர்கள் இல்லை. பள்ளிக்கூடம், பசார், கோயில், வீடு. கணக்குப் போட்டுத்தான் செய்தேன். ஆபத்து என்று ஒரு கணம் நினைத்திருந்தாலும் செய்திருக்க மாட்டேன்.

என் மகளா? ரூபினி கிள்ளானில் வேலை செய்கிறாள், தனியாகத்தான் இருக்கிறாள். ஆமாம், போன வருடம் கார் வாங்கினாள். பாலனை மாற்றிய பிறகுதான். அவளும் சின்னக் காருக்குத்தான் ஆசைப்பட்டாள், முன்பணம்கூடக் கட்டிவிட்டாள். நான்தான் போய் ரத்து செய்துவிட்டு, எஸ்யூவி எடுத்துக் கொடுத்தேன். சாமான் வைக்க இடம் இருக்கும் என்று.