காப்புக் கட்டிய செவ்வாய்க்கிழமை

— இல்லடி, அந்த முறுக்கை நீயே தின்னு. எனக்கு இறங்க மாட்டேங்குது.

— ஏன் கோகிலா, நேத்து என் பங்கு பன்னையும் சேத்து அமுக்குனவதானே நீ? புதுக்கோட்டை தாண்டுனதுல இருந்து பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க.

— பஸ்ஸு குலுக்குது முத்தழகு.

— பஸ்ஸு காலையில சென்னையில கெளம்புனதுல இருந்துதான் குலுக்குது. சன்னல் பக்கம் வாரியா?

— வேணாம், வேணாம். நீ பாத்துக்கிட்டு வா. ஒனக்குத்தான் சன்னல் பிடிக்கும்.

— அதுக்கென்ன இப்போ. நாலு நாளா எல்லாம் எனக்குப் பிடிச்சதாவே செய்யிற. சன்னல் சீட்டு எனக்கு. பிரியாணியில கெடந்த முட்டை எனக்கு. ரூம்ல ஃபேனுக்குக் கீழ இருந்த கட்டில் எனக்கு. நீ என்ன என் கூட்டாளியா, இல்ல பொண்ணு குடுத்த வீட்டுக்காரியா?

— பிரியாணியைப் பத்திப் பேசாத.

— ஏன்? நல்லாத்தானே இருந்துச்சு. ஒரு பொட்டலத்தை ரெண்டு பேரும் பிரிச்சு, எலும்பைக்கூட விடாமச் சப்புனோம். எழும்பூருல மியூசியத்து வாசல் மரத்தடி. செவ்வாக்கிழமை மத்தியானம்.

— கிழமையெல்லாம் எதுக்குடி இப்ப சொல்லுற?

— ஏன், கிழமையைச் சொன்னா ஒனக்கு வயித்த வலி வருதா? சரி விடு. எனக்கு அந்த மெட்ரோதான். ஒரே டிக்கெட்டுல ஏறி, கடைசி ஸ்டேசன் வரைக்கும் போனோம் பாரு. ஏசி வேற. கருவாட்டுக் கூடையை ஏத்திக்கிட்டு பாம்பன் பாலத்துல போற பஸ்ஸுல வேர்த்து ஊத்திக்கிட்டே வேலைக்குப் போறவளுக்கு அதுதான் சொர்க்கம்.

— அந்த மெட்ரோலதான் எனக்கு நெஞ்சு அறுந்து போச்சு.

— என்னத்துக்கு?

— திரும்பி வரும்போது ஒருத்தரு கதவுப் பக்கம் நின்னாரு. முதுகைப் பாத்தா அப்படியே ஒன் வீட்டுக்காரரு முத்துகிருஷ்ணன் அண்ணன் மாதிரி. அதே கட்டம்போட்ட சட்டை, அதே மாதிரி ஒரு தோளைச் சாச்சுக்கிட்டு. நீ பாத்த. நான் பாக்குறதுக்கு முந்தி நீ பாத்துட்ட. வெடுக்குன்னு எந்திரிச்சு கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு ஓடுன. நான் பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடியே வாரேன். ஒனக்குக் காது கேக்கல. இன்னும் இந்தப் பாவி மனசு அவரைத் தேடிக்கிட்டுத்தான் இருக்கான்னு நினைச்சேன். சத்தியமா அங்கனயே செத்துரலாம் போல இருந்துச்சு.

— அது வேற ஆளு.

— தெரியும்டி. ஆனா நீ ஓடுனியே.

— ஓடுனேன். விடு.

— காலையில ரூமைக் காலி பண்ணும்போது நீ படுக்கையை விரிச்சு, தலகாணியைத் தட்டி வச்சு, பாத்ரூம் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு நின்ன. அதையும் பாத்தேன். அப்பயே சொல்லிரணும்னு வாயெடுத்தேன்.

— கை நிக்கல கோகி. ராமேஸ்வரம் லாட்ஜுல ஒரு நாளைக்குப் பதினாலு ரூமு விரிக்கிறவ. அடுத்தவுக விரிச்சு வச்ச படுக்கையில நான் படுத்தது இந்த மூணு ராத்திரிதான். அங்க ரூமு கூட்டுற பொம்பளைக்கு ஒரு ரூம் மிச்சமாகட்டும்னு விரிச்சேன். என்னத்தைச் சொல்ல வாயெடுத்த?

— காரைக்குடி! காரைக்குடி எறங்குறவுக முன்னாடி வாங்க! ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் எங்க?

— நான் தேவகோட்டைங்க கண்டக்டரே. இவுக ராமேஸ்வரம்.

— தேவகோட்டை இன்னும் அரை மணி நேரம். பையை எடுத்து மடியில வச்சுக்கங்க. கடைசி நேரத்துல நிப்பாட்டு, நிப்பாட்டுன்னு கத்தாதீக.

— பாத்தியா, கண்டக்டரே சொல்லிட்டாரு. அரை மணி நேரந்தான் இருக்கு. தேவகோட்டையில எறங்கி நீ ஊருக்குப் போயிருவ. சொல்லுறதைச் சொல்லு.

— ஒன் போனை எடு முத்தழகு.

— அதான் செத்துக் கெடக்கே. பழைய சிம்மு, சென்னையில டவர் எடுக்காதுன்னு நீதானே சொன்ன.

— எடுக்கும். நாந்தான் போட்டோ எடுக்குறேன்னு வாங்கி, ஃபிளைட் மோடுல போட்டுக் குடுத்தேன்.

— எதுக்கு?

— ஊருல இருந்து ஒருத்தரும் ஒனக்குப் பேசிறக் கூடாதுன்னு.

— யாருக்கும் என்னமும் ஆயிப் போச்சா?

— யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஒனக்குத்தான் ஆச்சு. நாந்தான் பண்ணுனேன். ஆத்தாடி, எப்படிச் சொல்லுவேன். கோயில்ல காப்புக் கட்டுறது வார செவ்வாக்கிழமை இல்லடி. முந்தாநாளு. நம்ம மரத்தடியில உக்காந்து எலும்பைச் சப்புன செவ்வாக்கிழமை.

— ம்.

— என்னடி, ம்முன்னு சொல்லுற? காப்பு முடிஞ்சு போச்சுடி! முளைப்பாரிக்கு விதையெல்லாம் போட்டுட்டாக. மூணாம் நாளு இன்னிக்கு. சட்டியில மொளை விட்டுருக்கும்.

— கேக்குறேன். சொல்லு.

— நோட்டீஸை டைப் அடிச்சதே நாந்தான். நான் வேலை பாக்குற திருவாடானை ஜெராக்ஸ் கடைக்கு, கோயில் காரியம் பாக்குற மூக்கையா அண்ணன் எழுதிக் கொண்டாந்து குடுத்தாரு. ஆடி நாலாஞ் செவ்வா காப்பு, அஞ்சாஞ் செவ்வா பாரி எடுப்பு. என் கையால அடிச்சு, என் கையால ஜெராக்ஸ் போட்டு, என் கையால மடிச்சேன். மறுநாளு நீ போன் பண்ணுற. ‘கோகி, காப்பு என்னிக்குடி, லாட்ஜுல லீவு சொல்லணும்’னு. வாயில ஒரு வாரம் தள்ளி வந்துருச்சு.

— வந்துருச்சா? வர வச்சியா?

— வர வச்சேன். அடி, வேணும்னா ஒரு அறை விடு. முதலாளி மகளுக்குக் கல்யாணம், கடையே நாலு நாளு பூட்டு. அப்படி ஒரு லீவு எனக்கு எந்தக் காலத்துல கெடைக்கும்? முப்பத்தஞ்சு வயசாச்சு, மதுரைக்கு அங்கிட்டு நான் ஒரு ஊரு பாத்ததில்ல. மதுரையும் ஆசுபத்திரிக்குத்தான். எங்க வீட்டுக்காரரு செல்லச்சாமி இருக்காரே, ‘முத்தழகு வந்தாப் போ, இல்லேன்னா கெட’ன்னுட்டாரு. ஒன்மேல அம்புட்டு நம்பிக்கை. எனக்கு நீ வேணும், தேதி இடிக்குது. அவருக்கிட்டயும் ஒரு பொய்யி. ‘முத்தழகு நேர்த்திக்கடன் போன வருசத்தோட முடிஞ்சுருச்சு’ன்னேன். ஆம்பளைக்கு இதெல்லாம் எங்க தெரியுது.

— கெட்டிக்காரிதான்.

— கேலி பண்ணாத. ஏழு வருசம் விடாமத் தூக்குறேன்னு ஆத்தா வாசல்ல ஊரு பூரா பாக்கச் சொன்னவ நீ. ஆறு வருசம் தூக்கிட்ட. இதான் கடைசி. காப்புக்கு நிக்காதவ பாரி தூக்கக் கூடாது. ஒரு வருசம் விட்டாலும் மறுபடி ஒண்ணுல இருந்துதான். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஒன்னைப் பஸ் ஏத்துனேன். ஏறும்போது ஒண்ணும் தெரியல முத்தழகு. ஆசை கண்ணை மறைச்சுருச்சு. மறுநாளு சாயங்காலம் ஒங்க அத்தை போன் பண்ணுனப்பத்தான் ஒறைச்சுச்சு.

— அத்தையா? அதுக்கு ஏது போன்?

— பக்கத்து வீட்டுக் கலைச்செல்வி போன்ல பேசுச்சு. ‘கோகிலா, என் மருமகளைக் காணமே, வழக்கமா வெள்ளனா வந்துருவாளே, போனும் போகலயே’ன்னு. நீ அப்பக் குளிச்சுக்கிட்டு இருந்த. நான் என்ன செய்ய? ‘அவளுக்குக் காய்ச்சல் அத்தை, ராமேஸ்வரத்துல படுத்துருக்கா’ன்னு சொன்னேன். ஒரு பொய்யை மூட இன்னொண்ணு, அதை மூட இன்னொண்ணு.

— அத்தை என்ன சொல்லுச்சு?

— கேக்காத.

— கோகிலா. என்ன சொல்லுச்சு?

— புதுச் சட்டி வாங்கி, மஞ்சத்தண்ணி தெளிச்சு, ஒன் பேருக்கு விதையும் ஊற வச்சு எடுத்துக்கிட்டு, கோயில் வாசல்லயே நின்னுருக்கு. எல்லாரும் சட்டியைக் குடுத்துட்டு உள்ள போயிட்டாக. இது மட்டும் ரோட்டைப் பாத்துக்கிட்டு. ‘நான் அவளுக்குப் பதிலா குடுக்குறேனே, அவனைப் பெத்த தாய்தானே’ன்னு பூசாரிகிட்டக் கேட்டுருக்கு. நேர்ந்தவதான் நிக்கணும்னுட்டாரு. சட்டியை வீட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சாம். போன்ல அழுகலடி. அழுதுருந்தாக்கூடத் தேவலை. ‘காய்ச்சலா, பிள்ளைக்கு யாரு கஞ்சி வச்சுக் குடுப்பா’ன்னு கேட்டுச்சு.

— அப்படியா கேட்டுச்சு?

— ஏ, அழுகுறியா? அழு. நல்லா அழு. என்னை வையி. ஏன்டி வைய மாட்டேங்குற?

— அந்தப் பொம்பளைக்கு நான் என்ன பதிலு சொல்லுவேன் கோகி. சாமி கும்பிடுற நேரத்துல அது தாலாட்டுப் பாடுறதைக் கேட்டுருக்கியா? ‘என் மகனே, என் மகனே’ன்னு போட்டோவைத் தடவிக்கிட்டு. நான் லீவுல ஊருக்கு வாரப்பல்லாம் எனக்குத் தட்டுல சோறு வச்சுட்டு அவருக்கும் ஒரு தட்டு வைக்கும். ஆறு வருசமா.

— நான் தேவகோட்டையில எறங்குனதும் நேரா ஒங்க வீட்டுக்குத்தான் போவேன். அத்தை கால்ல விழுந்து எல்லாத்தையும் ஒத்துக்குறேன். ஊரு கூட்டம் போட்டாலும் வந்து நிக்கிறேன். என் புருஷன் வெளக்குமாத்தை எடுத்தாலும் சரி. ‘முத்தழகுக்கு ஒரு பாவமும் தெரியாது, நாந்தான் ஏமாத்துனேன்’னு சொல்லிடுறேன்.

— சொல்லாத.

— சொல்லுவேன்.

— சொல்லாதன்னா சொல்லாத. பொய்யி அது.

— எது பொய்யி?

— எனக்கு ஒரு பாவமும் தெரியாதுங்கிறது. போனை ஃபிளைட் மோடுல போட்டியே, அந்தச் சின்ன விமானப் படம் மேல தெரியுமே, அது கூடவா எனக்குத் தெரியாது? லாட்ஜுக்கு வார சேட்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு வைஃபை போட்டுக் குடுக்குறவ நான்.

— தெரிஞ்சுமா சும்மா இருந்த?

— மூக்கையா அண்ணன் அந்த நோட்டீஸை ஊரு வாட்ஸப் குரூப்புல போட்டாரு கோகி. நீ அடிச்ச அன்னிக்குச் சாயங்காலமே. பாத்துட்டு ராத்திரி பூரா தூங்கல. மறுநாளு ரூமு ரூமாக் கூட்டிக்கிட்டே யோசிச்சேன். ஒனக்குப் போன் பண்ணுனது தேதி கேக்க இல்ல. ‘இந்த வருசம் நான் வரலடி’ன்னு ஒனக்கிட்டயாவது சொல்லிருவோம்னுதான். வாய் வரல. தேதியைக் கேட்டு வச்சேன். நீ ஒரு வாரம் தள்ளிச் சொன்ன.

— ஆத்தாடி.

— அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. என் கழுத்துல கெடந்ததை நீ வாங்கி ஒன் கழுத்துல போட்டுக்கிட்ட மாதிரி. கேட்டா ‘கோகிலா மாத்திச் சொல்லிட்டா’ன்னு சொல்லிக்கலாம், பழி ஒன்மேல போகட்டும்னு விட்டுட்டேன். அந்த முட்டையையும் தின்னுட்டு, ரெண்டு நாளா நீ உள்ளுக்குள்ள சாகுறதையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். யாரு பெரிய பாவின்னு இப்பச் சொல்லு.

— நீ தின்ன அன்னிக்குக் காப்புன்னு தெரிஞ்சேவா தின்ன?

— தெரிஞ்சேதான். முதல் வாய் எறங்கல. ரெண்டாவது வாய் எறங்கிருச்சு.

— எனக்குத் தலை சுத்துது முத்தழகு. நான் ஆசையில செஞ்சேன், சரி. நீ எதுக்கு? ஆறு வருசம்டி! குடிச்சுட்டு வந்து அவரு முறிச்ச கை, இன்னும் நேரா மடங்காது. அந்தக் கையாலதான் சட்டியைப் பிடிச்சுக்கிட்டு கண்மாய்க் கரை வரைக்கும் வெறுங்காலோட நடந்த. சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போன புருஷனுக்காக இப்படியும் ஒருத்தியான்னு ஊரே கும்பிட்டுச்சு.

— ஊரு கும்பிடும்.

— தேவகோட்டை! தேவகோட்டை! ஏம்மா, எறங்குங்க, எறங்குங்க!

— எறங்குறேன் கண்டக்டரே, ஒரு நிமிசம்! ஏ, கையை விடாத, பதிலைச் சொல்லு. இன்னும் ஒரே ஒரு வருசந்தானே? இதையும் தூக்கி இறக்கியிருந்தா, அவரு எந்தச் சீமையில இருந்தாலும் ஆத்தா கையோட பிடிச்சுக் கொண்டாந்து ஒன் வாசல்ல விட்டுருப்பாளேடி!

— விட்டுருவா கோகி. அந்தப் பயத்துலதான் பஸ் ஏறுனேன்.