பதினொண்ணாவே இருக்கட்டும்

...வெறும் வயித்துல வாங்கன்னு சொல்றது நாமக்கல்லுல இருக்கறவங்களுக்குச் சுளுவுங்க டீச்சரம்மா. எழுவது வளைவு மலை எறங்கி வாரவளுக்கு? மூணாவது வளைவுலயே கொடலு வாய்க்கு வந்துருமுங்க. தின்னுபோட்டுத்தான் பஸ் ஏறோணும். எங்க வாழவந்தி நாட்டுல சின்னப் புள்ளைக்குக்கூட அதான் பழக்கம். நீங்க காலைல ஒண்ணும் சாப்பிடலீங்களா? அதானுங்க மொகம் வெளுத்துக் கெடக்குது. சன்னலோரம் ஒக்காந்துக்கங்க.

போன மாசம் அப்படித்தானுங்க, சாமைச்சோறு ரெண்டு வட்டலு தின்னுட்டுப் போயிப் படுத்தேன். ஈரலு ஸ்கேனுங்க. கொழுப்பு படிஞ்சிருக்குதாம், தழும்பு உழுந்திருக்குதான்னு பாக்கோணுமாம். குச்சியாட்டம் ஒண்ண வெலாவுல வெச்சு டொக்கு டொக்குன்னு தட்டுனாங்க. எங்கூட்டுக் கதவக்கூட யாரும் அத்தன தடவ தட்டுனதில்லீங்க. நம்பரு பதினொண்ணுன்னு வந்துச்சு. ஏழுக்குள்ள இருக்கோணுமாம். ஈரலு இறுகுன மாதிரி காட்டுது, சாப்பிட்டுட்டு வந்தீங்களான்னாரு டாக்டரு. சாப்பிட்டிருந்தா கூடத்தான் காட்டுமாம். அடுத்த தடவ மூணு மணி நேரம் ஒண்ணும் திங்காம வாங்க, அப்பத்தான் நெசம் தெரியும்னாரு.

அந்நேரம் எங்கூட்டுக்காரரு டீ குடிக்கப் போயிருந்தாருங்க. வந்தவருகிட்ட நம்பர மட்டுந்தான் சொன்னேன். அப்படியே பெஞ்சுல ஒக்காந்துட்டாரு. "ஒரு சொட்டுத் தொடாத உனக்கே பதினொண்ணுன்னா, எனக்கு எத்தன இருக்கும் பாவாயி"ன்னாரு.

இருவத்திரெண்டு வருசம் அழுதும் பாத்தேன், கோயில்ல சத்தியமும் வாங்குனேன். எதுக்கும் அசையாத மனுசன், அன்னைக்குக் குடிய உட்டாருங்க. இருவத்தாறு நாளாச்சு. ஊட்டுல இப்ப கோழிகூடப் பயமில்லாமத் திரியுது.

அதா, முன்னாடி பச்சத் துண்டு, அவருதான். இன்னைக்கு மறு ஸ்கேனுக்கு வெறும் வயித்துல வரோணும்னு சீட்டுல இருக்குதுங்களா, நீ பட்டினி கெடக்கறப்ப எனக்கென்ன சோறுன்னு அவரும் திங்கல. வளைவுல திரும்பிப் பாத்தா அவருக்குத் தல சுத்தும். அதுக்குத்தானுங்க நான் கடசி சீட்டுக்கு வந்தேன். இந்த டப்பாவக் கொஞ்சம் புடிங்க. குச்சிக்கெழங்குங்க, வேவிச்சது. ரெண்டு எடுத்துக்கங்க. வேண்டாமா?

என்ன அப்படிப் பாக்கறீங்க. எனக்கும் பயந்தானுங்க. நெசமாவே இறுகியிருந்தா? ஆனா இன்னைக்கு அஞ்சுன்னு வந்துச்சுன்னா, சாயங்காலமே கடைல போயி நிப்பாரு. பதினொண்ணாவே இருக்கட்டும். பொங்கலு வரைக்கும் தொடாமத் தாட்டிட்டாருன்னா, அப்புறம் நான் பட்டினியாப் போயி என்னோடதப் பாத்துக்கறேன்.

ஏனுங்க, அவரு எதுக்கு எந்திரிக்கறாரு? இங்கதான் வாராரு. தள்ளாடறாரு பாருங்க. குடிக்காமத் தள்ளாடறத இன்னைக்குத்தான் பாக்கறேன். டப்பா உங்க மடிலயே இருக்கட்டும். உங்களுதுன்னு சொல்லிருங்க.

என்னங்க, மயக்கமா வருதா? இப்படி ஒக்காருங்க. இந்தாங்க, டீச்சரம்மா குடுத்தாங்க, ரெண்டு கெழங்கு தின்னுங்க.

எனக்கு வேண்டாமுங்க. நான் இன்னைக்கு ஒண்ணும் திங்கக்கூடாது.