பொடுதலை படர்ந்த மூலை

ஹிமாயா: கைய உடுடா தம்பி! புல்லுக்குள்ள கால வெச்சா என்ன, பாம்பா கிடக்கு?

சப்ரி: புல்லில்ல ராத்தா, பொடுதலை. பூத்திருக்கு... தேனி குத்தும்.

ஹிமாயா: மண்வெட்டி தொடாத ஆளு! என்ட வளவுல வந்து பூக்கண்டு நட்டுத் தண்ணி ஊத்துறாராம். பொண்டாட்டிக்கு ஒரு ரோசாக் கண்டு வெச்சுக் குடுத்திருப்பியா?

சப்ரி: உங்கட பூசினிக் கொடிக்குத்தான். தேனி வந்தாத்தானே பிஞ்சு புடிக்கும்...

ஹிமாயா: நாளைக்கு மண் தோண்ட பெக்கோ மிசின் வருது. மகள் நிஹ்லாட ஊட்டுக்கு அத்திவாரம். இந்த மூலையிலதான் குசினி.

சப்ரி: குசினிய ரோட்டுப் பக்கம் தள்ளுங்க. இத மட்டும் உட்டுருங்க.

ஹிமாயா: ஏன்?

சப்ரி: மண்ணு... இறுக்கமில்ல.

ஹிமாயா: ம்ம்... நீ நட்டது கிணத்தடியில. நான் பாத்தன். இப்ப அங்க ஒரு இலை இல்ல. இஞ்ச எப்படி வந்திச்சு?

சப்ரி: அது கணுவுக்குக் கணு வேர் உட்டு ஓடுற சாதி...

ஹிமாயா: ஓடினா நாலு பக்கமும் ஓடணும். இது வடக்குத் தெக்கா ஒரே நீட்டுக்குக் கிடக்கு, பாய் விரிச்ச மாதிரி. அதுவும் சின்னப் பாய்.

சப்ரி: மஃரிபாகுது, இருட்டுது... வாங்க போவம்.

ஹிமாயா: பொறுடா. தேனியெல்லாம் கூட்டுக்குப் போயிட்டுது. குனிஞ்சி கேளு... இரையுதா?

சப்ரி: ...ஓம்.

ஹிமாயா: பூவுல ஒரு தேனியக் காட்டு, பாப்பம்.

சப்ரி: இருட்டுல என்ன தெரியும்?

ஹிமாயா: மண்ணுக்குள்ள இருந்துதான் இரையுது.

சப்ரி: அல்லாஹ்வே! அது கடல் ராத்தா, கடல் இரையுது...

ஹிமாயா: கடல் இரைச்சல் எனக்குத் தெரியாதா? கடல் ஊருக்குள்ள வந்த அண்டைக்கு நான் ஆஸ்பத்திரியில உசிருக்கு இழுத்துக்கிட்டுக் கிடந்தன். என்ட மகன் ஸஜாத் கிடைக்கவே இல்லண்டு நீதான் வந்து சொன்ன. இத்தன வருசமா நான் வாசல் கேட்டப் பூட்டிப் படுத்ததில்லடா. வந்து தட்டுவானண்டு...

சப்ரி: இப்ப என்னத்துக்கு அந்தக் கதை?

ஹிமாயா: வெள்ளிக்கு வெள்ளி நீ இஞ்ச குந்தி யாஸீன் ஓதுறத வேலிக்குள்ளால பாத்துட்டுத்தான் இருக்கன். அடக்கின இடத்துல ஓதுற யாஸீன பூசினிக்கு ஓதுவாங்களா?

சப்ரி: ராத்தா... கிடைச்சத அண்டைக்குச் சொல்லியிருந்தா நீங்களும் மவுத்தாகியிருப்பீங்க...

ஹிமாயா: அழாத. பெக்கோவும் வராது, ஒண்டும் வராது. சும்மா சொன்னன். இந்தா, கபுறுக்குத் தலைமாட்டுலயும் கால்மாட்டுலயும் நடுற மீசான் கட்டை. ரெண்டு வெட்டுவிச்சு எடுத்து வந்திருக்கன். தலைமாடு வடக்குத்தானே வரணும்... ஒண்டு மட்டும் எனக்கு விளங்கல்ல. பூவெல்லாம் தெக்குப் பக்கம் குமிஞ்சி கிடக்கு. தலைமாட்ட உட்டுட்டு கால்மாட்டுலயா பூக்கும்?

சப்ரி: அதுதான் தலைமாடு ராத்தா. கடல் திரும்பவும் வருதண்டு கத்தினாங்க, பள்ளி மையவாடிக்குத் தூக்கிப் போக ஏலல்ல, இஞ்சயே அடக்கினன்... வடக்கும் தெக்கும் தெரியாமப் பதறி, புள்ளைட தலைய மாத்தி வெச்சுட்டன்.