யாருக்கும் சொல்லாத பாஸ்வேர்டு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எவன் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் வீட்டுக்குள் விட்டுவிடுவதில் கூச்சமே இல்லை. இன்டர்நெட் கம்பெனிக்காரன் ஒரு ரவுட்டரை மாட்டிவிட்டுப் போனான். பாஸ்வேர்டு அதன் முதுகிலேயே அச்சடித்திருந்தது. அவனிடமும் சாவி இருக்கிற பூட்டு எனக்கு எதற்கு? அது மூலையில் கண் சிமிட்டிக்கொண்டிருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பேன்.

என் மனைவி இடுப்பு எலும்பு முறிந்து தேறியவள். கழுத்தில் அவசரப் பொத்தான் தொங்கும். அழுத்தினால் ரவுட்டர் வழியாக மகளுக்கும் ஆம்புலன்சுக்கும் தகவல் போகும்.

"அது பாட்டுக்குக் கெடக்கு. உங்களக் கடிக்குதா?" என்பாள்.

"கடிச்சா தெரியும். இது ஒட்டுக் கேக்கும்."

நானே கடைக்குப் போய் ஒரு ரவுட்டர் வாங்கினேன். "பெரியவரே, பழைய பேரையும் பாஸ்வேர்டையுமே இதுலயும் போடுங்க. பொத்தான் தானா சேந்துக்கும்," என்று காட்டிக்கொடுத்தார் கடைக்காரர். அதுவும் கம்பெனிக்காரன் கொடுத்ததுதானே. புதிதாக ஒன்று போட்டேன். யாருக்கும் சொல்லவில்லை, அவளுக்கும்தான்.

பொத்தானோடு வந்த பெட்டியில், இணைப்பு இல்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது. பயப்படுவாளே என்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். "வேலை செய்யுதா?" என்றாள். "ம்," என்றேன். பதினோரு நாள் அப்படியே போனது.

மறுநாள் காலை நடந்துவிட்டு வந்தபோது குளியலறை வாசலில் கிடந்தாள். தலைக்கடியில் ரத்தம். பேச்சு இருந்தது.

"எத்தன தடவ அழுத்திட்டேன், யாருமே வரலைங்க. பொண்ணக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். உடனே இல்லை. வருகிறவர்கள் என் ரவுட்டரைத்தான் குறை சொல்வார்கள். அதைக் கழற்றினேன். பரணிலிருந்த கம்பெனி ரவுட்டரை இறக்கி மாட்டினேன். டேப்பை உரித்தேன். விளக்கு பச்சையாகும்வரை நின்றேன். எந்த வயர் எந்தத் துளைக்கு என்று பிடிபடவில்லை, முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. இரண்டு தடவை கூப்பிட்டாள். "இதோ வரேன்," என்றேன். மூன்றாம் தடவை கூப்பிடவில்லை.

செய்தது நான்தான். மறைக்க என்ன இருக்கிறது. இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் நீட்டிய வாக்குமூலத் தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். காவலர் கதவருகே நிற்கிறார், போகிறேன். கம்பெனிக்காரனை நம்பியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்கிறீர்கள். எனக்கென்னவோ அப்படித் தோன்றவில்லை.