வாசித்த பிறகே கையெழுத்து

தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் மௌலவி அவர்களே, போதகர் அவர்களே, கல்முனையின் சட்டத்தரணிகளே, பெரியநீலாவணையிலிருந்தும் வரிப்பத்தான்சேனையிலிருந்தும் பஸ் ஏறி வந்து பின்வரிசையில் இருக்கும் தாய்மாரே! அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

நான் சட்டத்தரணி றொமால்ட். சட்டத்தரணி மர்ஹூமா பஹ்மிதா ஜவுபரின் எதிர் மேசையில் பதினொரு வருடம் இருந்தவன். அழகாகப் பேச இன்று எனக்கு வராது. பயமாக இருக்கிறது. போன கிழமை நீதிமன்றப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பஹ்மிதா எழும்பவேயில்லை. வருகிற வியாழக்கிழமை முப்பத்தாறு பெண்களின் வழக்கு கூப்பிடப்படும். அவர்களின் வீட்டு உறுதிப் பத்திரங்கள் நுண்கடன் கம்பனியின் கையில். அவர்களுக்காக எழுந்து நிற்க இனி யார் இருக்கிறார்?

பஹ்மிதா யார்? கொழும்பில் பெரிய கம்பனிகளின் வணிக வழக்குகளைப் பேசிப் பேர் எடுத்தவர். ஒரு நிதிக் கம்பனிக்குக் கடன் படிவம் எழுதிக் கொடுத்தவரும் அவரே. குழுவில் ஒருத்தி கட்டத் தவறினால் மற்ற எல்லோரும் பொறுப்பு என்ற வரி அவர் எழுதியது. லீவில் ஊருக்கு வந்தபோது, வரிப்பத்தான்சேனை றஹீமா ஒரு தாளை நீட்டி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். வேறொரு கம்பனி பஹ்மிதாவின் படிவத்தை அப்படியே பிரதி பண்ணியிருந்தது, ஆங்கிலத்தில். தெரியாமலே நாலு பேருக்குப் பிணை நின்றிருந்தார் றஹீமா.

பஹ்மிதா இதை மறைத்தாரா? இல்லை! “அது நான் எழுதின வரி, றொமால்ட்” என்று எத்தனை தடவை சொன்னார்! கொழும்பை விட்டுக் கல்முனைக்கே வந்தார். கடன் தாள் வாங்குபவரின் மொழியில் இருக்க வேண்டும், கையெழுத்துக்கு முன் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஒழுங்குவிதி வரைவு எழுதினார். அதைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். அந்த வரைவு இன்னும் யாரோ ஒருவரின் மேசையில் கிடக்கிறது. ஆனால் எங்கள் அறையில் அது சட்டமாகிவிட்டது. தமக்காக வழக்குப் பேச அந்தப் பெண்கள் அவருக்கு அதிகாரம் கொடுத்த புரொக்சித் தாளைக்கூட, முப்பத்தாறு தடவை வாசித்துக் காட்டினார். நேரம் போகிறது என்று நான் சலித்தேன். இந்த வழக்கில் கூட நில்லுங்கள் என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் பிறகு பார்ப்போம் என்றேன். அந்தப் பிறகு எங்கே?

சட்டத்தரணி மௌத்தானால் அவருக்குக் கொடுத்த அதிகாரமும் போய்விடும். அதனால் ஜனாஸா நல்லடக்கத்துக்கு மறுநாளே, என் பேருக்கு எழுதிய புதிய புரொக்சித் தாள்களோடு றஹீமாவிடம் போனேன். அவசரம், இந்த இடத்தில் கையெழுத்து வையுங்கள் என்றேன். அவர் பேனையைத் திருப்பித் தந்தார்.

“கோவிக்காதீங்க சேர். வாசிக்காம வைக்கக் கூடா எண்டு மெடம் சொல்லித் தந்திரிக்காங்க.”

வெட்கத்தோடு திரும்பி வந்தேன். எதிர் மேசையில் பதினொரு வருடம் இருந்தும் நான் படிக்காததை அந்தப் பெண் படித்திருந்தார்.

பஹ்மிதா அவர்களே, வழக்கு வெல்லும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. உங்கள் கோப்பில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் வியாழக்கிழமை நான் நிற்பேன். உங்கள் வரைவோடு கொழும்புக்கும் போவேன்.

தலைவர் அவர்களே, எனக்குத் தந்த நேரம் முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தாருங்கள். அந்தத் தாள்கள் இந்தப் பையில் இருக்கின்றன. தாய்மாரே, முன்னுக்கு வாருங்கள். முதல் வரியிலிருந்து வாசிக்கிறேன். விளங்காத இடத்தில் என்னை நிறுத்துங்கள்.