கட்டுக்கம்பியைக் கண்ட கண்கள்: அப்துல் ஸமட் அவர்களுக்கு எம் பிரியாவிடை மடல்

2022 டிசம்பர் 19, திங்கட்கிழமை, கல்முனை. வருடாந்தப் புதுப்பித்தலுக்காக எமது அலுவலகத்துக்கு விவசாயிகளின் முப்பத்தொரு துவக்குகள், அதாவது வயற்காவல் துப்பாக்கிகள், கொண்டுவரப்பட்டன. முப்பது புதுப்பிக்கப்பட்டன.

விண்ணப்பத்தைப் பார்க்குமுன் விண்ணப்பித்தவரைப் பார்த்தவரே! வயலின் வலியும் சட்டத்தின் வரம்பும் அறிந்தவரே! எம் மதிப்புக்குரிய ஜனாப் அப்துல் ஸமட் அவர்களே!

முப்பத்து நான்கு வருட அரச சேவையில் பதினேழு வருடங்கள் தாங்கள் துவக்கு அனுமதிப் பிரிவில் இருந்தீர்கள். தன் உயிரையும் விளைச்சலையும் காக்கும் உரிமை மனிதனோடு பிறந்தது, அரசு அதை வழங்குவதில்லை என்பது தங்கள் நிலைப்பாடு. அரசு கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: அடுத்தவருக்கு அதனால் ஆபத்து உண்டா? இல்லையென்றால் எந்த விவசாயியையும் தாங்கள் இரண்டாம் முறை வரச் சொன்னதில்லை.

தங்கள் பிரிவின் இளைய ஊழியரான எங்கள் ஸுல்பிகாவுக்கு அது பிடிக்கவில்லை.

"இந்த ஊர் துவக்கால பட்டது காணாதா சேர்?"

"அப்ப துவக்கு வெச்சிருந்தவங்க ஒருத்தரும் நம்மட மேசைக்கு வந்து கையெழுத்துக் கேக்கல்ல, தங்கச்சி."

அந்தத் திங்களன்று முப்பத்தோராவதாக வந்தவர், தங்கள் துணைவியார் சபூறா அவர்களின் தம்பி ஸஹீத். அவருடைய வயல் காட்டோரம், நெல் கதிர் பொதிந்த குடலைப் பருவம், பன்றித் தொல்லை. துவக்கின் விசையில் கட்டுக்கம்பி ஒரு சுற்றுக் கிடந்தது. வரம்பில் கட்டிவைத்து, கம்பியில் கால் பட்டதும் தானே வெடிக்கவிடும் கட்டுத்துவக்காக அதை அவர் பாவித்திருந்தார். கொண்டுவரும்போது கம்பியைக் கழற்ற மறந்துவிட்டார்.

"என்ட காணி, என்ட துவக்கு. நீங்கதானே மச்சான் உரிமை உரிமை எண்டு கதைக்கிற?"

"ஓம், நீ கையில புடிச்சிட்டு நிண்டா உரிமைதான். நீ ஊட்ட படுத்திருக்க, துவக்குத் தனிய நிண்டா, வாறது பண்டியா மனிசனா எண்டு அதுக்குத் தெரியுமா? தண்ணி பாக்க வாற வட்டவிதானை ஒன்னக் கேட்டிட்டா வரம்பில கால் வெப்பான்?"

"பண்டி திண்டா ராத்தாட ஊட்டுக்குத்தான் சோத்துக்கு வருவன்."

"வா. சோறு தாறன். கையெழுத்துத் தரமாட்டன்."

மைத்துனரின் விண்ணப்பக் கோவையை வேறு மேசைக்குத் தள்ளியிருக்கலாம், தாங்கள் தள்ளவில்லை. 'சிபாரிசு செய்யப்படவில்லை' என்று எழுதி, கம்பியையும் கோவையில் இணைத்தீர்கள். துவக்கு பொலிஸில் ஒப்படைக்கப்பட்டது. அந்தப் போகம் ஸஹீத் அவர்களின் இரண்டு ஏக்கரைப் பன்றி உழுதது. சோற்றுக்கு அவர் வரவில்லை. இரண்டு பெருநாளும் தங்கள் வாசலை மிதிக்கவில்லை. சபூறா அவர்கள் அனுப்பிய பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் மூடி திறக்காமலே திரும்பி வந்தது. தாங்கள் இதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. சொன்னவர் ஸஹீத் அவர்கள்தான். இங்கே எழுதச் சம்மதித்தவரும் அவரே.

மறு வருடம் டிசம்பரில் அவர் மீண்டும் விண்ணப்பித்தார். தாங்கள் அவருடைய வயலுக்குப் போய், நான்கு பக்க வரம்பும் நடந்து பார்த்துவிட்டு, அன்றே சிபாரிசு செய்தீர்கள்.

நெறி பிறழாத நெஞ்சத்தவரே! தங்கள் ஓய்வுக்காலம் நலத்தோடும் நிம்மதியோடும் நெடிது நீள, அவரவர் வழியில் இறைவனை இறைஞ்சுகிறோம்.

துவக்குக் கோவைகளை நாளை முதல் ஸுல்பிகா பொறுப்பேற்கிறார். கம்பி இன்னும் கோவையில் இருக்கிறது. ஸஹீத் அவர்கள் இந்தப் பிரியாவிடைச் சபையின் முன்வரிசையில் இருக்கிறார்.

இங்ஙனம்,
தங்களோடு பணியாற்றிய ஊழியர்கள்,
கல்முனை.