செத்த மகளின் பங்கு உப்பு

1789 ஆகஸ்ட் 9, காலை. பிரான்சு, ஆன்ஷூ மாகாணம், லா பிரொஸ் கிராமம். மத்துரேன் லுவாஸோ என்பவரின் விதவை துவானெத், வயது 36, கூலி வேலை, நீதிபதி முன் தானாக ஆஜராகிச் சொன்னது:

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உப்பு வரிக் காவலர் கில்போவை அடித்துக் கொன்றதாக எங்கள் தெருக்காரர்கள் மூவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர்களைத் தூக்கில் போடப் போவதாகக் கேள்விப்பட்டு வந்தேன்.

எட்டு வயது தாண்டிய ஒவ்வொரு தலைக்கும் அரசாங்க உப்பு வாங்கியே தீர வேண்டும். அதைச் சாப்பாட்டில் மட்டும் போடலாம். கறி ஊறவைக்க வரி கட்டித் தனியாக வாங்க வேண்டும். பிரபு வீட்டுக்கு எந்த வரியும் கிடையாது, அவர் ஆடுகள்கூட உப்புக்கட்டியை நக்கிக்கொண்டு நிற்கும். என் மகள் பெரின் போன வருடம் காய்ச்சலில் செத்தாள். அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. அவள் பங்கையும் வாங்க வைத்தார்கள்.

அதன் பிறகு நவம்பரில் பன்றி அடித்தோம். உப்பில் ஊறிய கறியை முதலில் எடுக்கும் நாளில் தெருவில் ஒரு வீடு விடாமல் கொடுப்பது எங்கள் வழக்கம். கில்போ எங்கள் தெருக்காரர்தான், அவருக்கும் கொண்டுபோனேன். "உப்பு நல்லாப் புடிச்சிருக்கு, எங்க வாங்கினீங்க அக்கா?" என்றார். "எங்க பெரினோட பங்குதான் தம்பி. அவதான் இல்லையே, வீணாப் போவானேன்னு போட்டுட்டேன்" என்றேன். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். "இத ஏன் எங்கிட்ட சொன்னீங்க?" என்றார்.

மறுநாள் சோதனை வந்தது. கறியைக் கொண்டுபோனார்கள். அபராதம் கட்ட வழியில்லாததால் என் கணவரைச் சிறையில் அடைத்தார்கள். ஜனவரிக் குளிரில் அங்கேயே இறந்தார். உடலைக்கூடக் கண்ணில் காட்டவில்லை.

அதன் பிறகு, பன்னிரண்டு நாளைக்கு முன்பு, ஊர் திரண்டு உப்புக் கிடங்கை உடைத்தது. நான் போகவில்லை. கில்போ என் வீட்டுக்கு ஓடி வந்து, "அக்கா, எங்கயாவது ஒளிச்சு வைங்க, கொன்னுடுவாங்க" என்றார். காலியாகக் கிடந்த பன்றிக் கொட்டிலில் நானே அவரை உட்கார வைத்து, வைக்கோலை மூடினேன். காப்பாற்றத்தான் நினைத்தேன்.

கூட்டம் வந்தது. ஒருவன், "என்ன துவானெத், பன்னி திரும்பி வந்துடுச்சா? வைக்கோல் அசையுதே!" என்று கிண்டலாகக் கேட்டான். காற்று என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எனக்கு மத்துரேன் நினைவு வந்தது. "ஆமா, வந்துடுச்சு" என்றேன்.

இழுத்து வந்தபோது அவர் அடித்தவர்களைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் வரவில்லை. இப்போது ரொட்டி இறங்க மாட்டேன் என்கிறது. அடித்தவர்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். காட்டிக் கொடுத்தது நான். தண்டனை எனக்கு வேண்டும்.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள். உப்புப் பட்டியலில் இன்னும் மூன்று பேர் என்றுதான் இருக்கிறது. இருப்பது நான் ஒருத்தி.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் ஏதுமில்லை.

(சிலுவைக் குறி) துவானெத்